பெரிய அறையில் ஜெரேனியம்

வாலியா ரெசே, மால்டோவா
15 ஜனவரி 2003, புதன்

அன்புள்ள அக்லயாவுக்கு,

நானும் டொய்னாவும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கெனாடியின் வேன் நாளை காலை இத்தாலிக்குக் கிளம்புகிறது. அவனிடம் ஒரு பானை ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் உரித்த வால்நட்டும் கொடுத்திருக்கிறேன். பானையைத் திருப்பி அனுப்பு, அக்கம்பக்கத்தில் கடன் வாங்கியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எழுதும்போதே நாலு தடவை எழுந்து நடந்துவிட்டேன், அதனால் கையெழுத்தைத் திட்டாதே. உனக்குப் பதிலாக ஆறாம் வகுப்புக்கு உயிரியல் எடுத்துக்கொண்டிருந்த கிழவர் கிறிஸ்துமஸோடு நின்றுவிட்டார். பனியில் பக்கத்து ஊரிலிருந்து நடந்து வர முடியவில்லையாம். நேற்று தலைமையாசிரியை பராஸ்கிவா என்னை அழைத்தார்.

"அனாதோல், பாடம் நடக்கலேன்னா அந்த இடத்தையே மாவட்டத்துல எடுத்துடுவாங்க. அப்புறம் உன் பொண்டாட்டி வந்து எங்க நிப்பா?"

"அம்மா, நான் உடற்பயிற்சி வாத்தியார். விசில் ஊதத்தான் தெரியும்."

"ஊதிக்கிட்டே நடத்து. யார் வேண்டாம்னா?"

உன் வேலையை ஜூன் பதினைந்து வரை காலியாக வைத்திருப்பார்களாம். அதற்குள் செப்டம்பரில் வருகிறேன் என்று நீ கைப்பட எழுதித் தர வேண்டும். மூன்று வருடம் பொறுத்தாயிற்று, இதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். திங்கள் முதல் நான் உயிரியல் ஆசிரியன். இரண்டாவது பெஞ்சில் நம் மகள் டொய்னா. முதல் பாடமே ஒளிச்சேர்க்கை! புத்தகத்தை நாலு முறை படித்தேன். அந்தச் சமன்பாடு மட்டும் தலையில் ஏறவில்லை. இது போதாதென்று, உடற்பயிற்சி வாத்தியார் உயிரியல் எடுப்பதால் மார்ச்சில் ஆய்வாளர் வேறு வந்து உட்காரப் போகிறார். நான் சொதப்பினால் உன் இடம் போய்விடும்.

நீ எப்படி நடத்துவாய் என்று விவரமாக எழுது. உன் இடத்தை நான் காப்பாற்றித் தருகிறேன். வீடும் நீ விட்டுப் போனபடியே இருக்கிறது. விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் பெரிய அறையில் ஒரு தலையணைகூட இடம் மாறவில்லை. உன் சீதனக் கம்பளங்கள் துளி நிறம் மங்கவில்லை. ஆய்வகத்தில் நீ போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூட அங்கேதான் மாட்டி வைத்திருக்கிறேன். நீ வந்து அப்படியே நுழைந்துகொள்ள வேண்டியதுதான்.

உன்
அனாதோல்


பாடோவா, இத்தாலி
26 ஜனவரி 2003, ஞாயிறு

அன்புள்ள அனாதோல்,

நீ உயிரியல் ஆசிரியனா! இங்கே நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி சிஞ்ஞோரா இர்மாவுக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன், உன் விசிலை நினைத்துச் சிரித்ததில் கரண்டி ஆடி அவர் கழுத்துத் துண்டில் சிந்திவிட்டது. அந்த அம்மாவும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார். தொண்ணூற்றொரு வயது, யார் சிரித்தாலும் சிரிப்பார்.

கவனமாகக் கேள். முதல் நாளே சமன்பாட்டைப் பலகையில் எழுதித் தொலைக்காதே. பள்ளி வாசலில் நிற்கிற வால்நட் மரத்தைக் காட்டு. அது எத்தனை எடை இருக்கும், அவ்வளவு எடைக்கு எதைத் தின்றது என்று கேள். மண்ணைத் தின்றது என்பார்கள். சொல்லட்டும். அப்படியானால் மரத்தடியில் ஏன் பள்ளம் விழவில்லை என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். உனக்கு அது கஷ்டம்தான், இருந்தாலும் மூடிக்கொள். பத்து நிமிடம் அடித்துக்கொள்ளட்டும். அதன் பிறகு சொல், காற்றிலிருக்கும் கரியமில வாயுவையும் தண்ணீரையும் வைத்து, வெயிலின் பலத்தில் இலையே சமைத்துக்கொள்கிறது என்று.

ஆய்வாளர் வரும் நாளில் மாவுச்சத்துச் சோதனையைச் செய்து காட்டு, எந்த ஆய்வாளரும் அதில் மயங்குவார். ஆய்வகத்தில் இருக்கும் என் ஜெரேனியம் பூச்செடித் தொட்டியில் ஒரு நல்ல இலையைத் தேர்ந்தெடு. சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித் தாளை வெட்டி, அதன் நடுவில் ஒரு பட்டையாகச் சுற்று. மூன்று நாள் விட்டுவிடு. பிறகு தாளை எடுத்துவிட்டு, இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, சுத்தச் சாராயத்தில் வைத்து, பச்சையம் கழன்று வெளுக்கும் வரை சூடாக்கு. சாராயக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும். நேரே நெருப்பில் வைத்தால் ஆய்வகமும் போகும், உன் மீசையும் போகும். கடைசியில் அயோடின். வெயில் பட்ட இடமெல்லாம் கருநீலமாகும், தாள் மூடியிருந்த பட்டை மட்டும் பழுப்பாக நிற்கும். பிள்ளைகள் வாய்பிளப்பார்கள்.

எனக்கு இங்கே ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வியாழன் மதியம் விடுமுறை. நம் ஊர்ப் பெண்களெல்லாம் ரயில் நிலையத்துப் பூங்காவில் உட்கார்ந்து பேசுவார்கள், நான் மட்டும் சுற்றிச் சுற்றி நடப்பேன். குடியிருப்பு அனுமதிக் காகிதம் கையில் வராமல் ஊருக்கு வந்தால் திரும்பி இங்கே நுழைய முடியாது. வரும் என்கிறார்கள், பார்க்கலாம். டொய்னாவுக்குக் காலணி அனுப்பியிருக்கிறேன். முப்பத்தாறு சரியாக இருக்குமா? ஊகித்துத்தான் வாங்கினேன்.

அன்புடன்
அக்லயா


வாலியா ரெசே
19 பிப்ரவரி 2003

அன்புள்ள அக்லயாவுக்கு,

காலணி சின்னது. இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு. வருத்தப்படாதே, அத்தை மகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

உன் வால்நட் மரம் வேலை செய்தது! பத்து நிமிடம் என்றாய், முப்பது நிமிடம் சண்டை. ஒருத்தி எழுந்து, "மரம் மண்ணைத்தான் தின்னுது சார், எங்கப்பா ஒவ்வொரு வருஷமும் புதுமண்ணு கொட்டுறாரு" என்றாள். இன்னொருத்தி, "உங்கப்பா கொட்டுறது மண்ணில்லடி, சாணி" என்றாள். வகுப்பே கூரை பறக்கச் சிரித்தது. நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், சத்தியமாக.

சமன்பாட்டை மைதானத்துக்குக் கொண்டுபோனேன். பனியில் ஒரு கோடு கிழித்து வேர் என்றேன், எதிர்க்கோடு இலை. ஆறு பேர் தண்ணீர், அவர்கள் வேரிலிருந்து இலைக்கு ஓட வேண்டும். ஆறு பேர் கரியமில வாயு, பக்கவாட்டிலிருந்து நுழைய வேண்டும். நான் சூரியன். விசில் ஊதினால்தான் கைகோத்துச் சர்க்கரையாக முடியும். விசில் நின்றால் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். இருபது நிமிடத்தில் எல்லோரும் சமன்பாட்டை மூச்சிரைக்கச் சொன்னார்கள். பராஸ்கிவா அம்மா ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "இது உயிரியலா, ஓட்டப்பந்தயமா?" என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

டொய்னா ஒரு கேள்வி கேட்டாள். வகுப்பில் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "சார், இலையை இருட்டுலயே வச்சிருந்தா எத்தனை நாள் உயிரோட இருக்கும்?" எனக்குத் தெரியவில்லை. நல்ல கேள்வி, எனக்கு வீட்டுப்பாடம் என்று சொல்லித் தப்பித்தேன். அவள் விடுவதாக இல்லை. சாப்பிடும்போதும் அதையே கேட்கிறாள். பதில் எழுது.

பள்ளியில் நிலக்கரி தீர்ந்து போய்க் கொதிகலன் அணைந்துவிட்டது. உன் ஜெரேனியம் தொட்டிகள் விறைத்துச் செத்துவிடும் என்று பயந்து, பதினொன்றையும் பனிச்சறுக்கு வண்டியில் வைத்து வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டேன். பத்திரமாக இருக்கின்றன. உன் கைபட்ட செடிகள், விடுவேனா?

காகிதம் பற்றி ஏதாவது தெரிந்ததா? ஜூன் பதினைந்தை மறந்துவிடாதே.

உன்
அனாதோல்


பாடோவா
2 மார்ச் 2003

அன்புள்ள அனாதோல்,

முப்பத்தெட்டா! நான் கிளம்பும்போது முப்பத்துமூன்று. கடையில் நின்று முப்பத்தாறை எடுக்கும்போதே பெரிதாக இருக்குமோ என்று யோசித்தேன்.

நேற்று மார்ச் முதல் தேதி, வசந்தத்துக்குக் குஞ்சம் குத்தும் நாள். சிவப்பு வெள்ளை நூலில் குஞ்சம் கட்டி சிஞ்ஞோராவின் மார்பில் குத்திவிட்டேன். அவர் என்னைத் தன் செத்துப்போன தங்கை என்று நினைத்துக்கொண்டு, அம்மாவிடம் காட்டிவிட்டு வா என்றார். உங்கள் இருவருக்கும் கட்டியதை இத்துடன் வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் கழற்றிப் பூத்த மரத்தில் கட்டும்போது எனக்காகவும் ஒன்று கட்டுங்கள்.

டொய்னாவின் கேள்விக்குப் பதில். வெளிச்சமில்லாத இலை முதலில் தான் சேர்த்துவைத்த மாவுச்சத்தைத் தின்னும். அது இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். பிறகு தண்டிலும் வேரிலும் இருப்பதை வாங்கித் தின்னும். ஜெரேனியம் முரட்டுச் செடி, குளிரில் வைத்தால் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இவ்வளவு நாளும் பார்க்கப் பச்சையாகவே இருக்கும், அதனால் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு மஞ்சளாகி உதிரும். நல்ல கேள்வி கேட்டதற்காக அவளுக்குப் பத்துக்குப் பத்து போடு.

மைதானத்தில் ஓட விட்டது எனக்குத் தோன்றவே இல்லை. பன்னிரண்டு வருடம் நடத்தினேன், ஒரு நாளும் தோன்றவில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்?

காகிதம் பற்றி எழுதும்படியாக ஒன்றுமில்லை. சிஞ்ஞோரா கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

அக்லயா


வாலியா ரெசே
19 மார்ச் 2003

அக்லயா,

மானம் கப்பலேறிவிட்டது.

நேற்று ஆய்வாளர் செவெரின் வந்தார். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார், பக்கத்தில் பராஸ்கிவா அம்மா. நீ சொன்னது ஒன்றுவிடாமல் செய்திருந்தேன். மூன்று நாளைக்கு முன்பே வெள்ளித் தாள் சுற்றினேன். மருந்துக் கடையில் சாராயம் ஒரு குப்பிக்கு மேல் தர மாட்டேன் என்றதால், பக்கத்து வீட்டுக்காரன் வாசிலே வடித்த முதல் சரக்கில் ஒரு ஜாடி வாங்கி வைத்திருந்தேன். தாளைப் பிரித்துவிட்டு, வெந்நீருக்குள் வைத்துத்தான் சூடாக்கினேன். வகுப்பு முழுக்கக் கல்யாண வீட்டு வாசம். ஆய்வாளர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "எந்தத் திராட்சை?" என்று மட்டும் கேட்டார்.

இலை வெளுத்தது. அயோடினை ஊற்றினேன். "இப்போ பாருங்க!" என்று விசிலும் ஊதினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. இலை முழுக்கப் பழுப்பு. தாள் மூடிய இடமும் பழுப்பு, மூடாத இடமும் பழுப்பு. இரண்டாவது இலையைப் போட்டேன், அதுவும் பழுப்பு. உன் இடம் போச்சு, போச்சு என்று காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆய்வாளர் எழுந்து வந்தார். "என்ன அனாதோல், உங்க ஊருக்குச் சூரியன் வர்றதில்லையா? செடியை எங்க வச்சிருந்தீங்க?"

"வீட்லதான் சார். பத்திரமா, பெரிய அறையில."

அவ்வளவுதான். இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் "ஐயோ சார்!" என்றார்கள். நம் மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எந்த வீட்டில்தான் பெரிய அறையின் திரையைத் திறப்பார்கள்? கம்பளம் வெளுத்துவிடாதா? ஐந்து வாரமாக உன் செடிகளுக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன், இலைகளைத் துடைத்தேன், ஆனால் திரையைத் தொட எனக்குத் தோன்றவே இல்லை. நீ போன அன்று இழுத்து மூடிய திரை அது.

ஆய்வாளர் நல்ல மனுஷன். "என் சம்சாரமும் அங்கதான் வச்சிருப்பா" என்று சிரித்துவிட்டு, மே கடைசியில் மறுபடி வருகிறேன் என்று எழுதிவிட்டுப் போனார். வீட்டு வாசலுக்கு வந்ததும் டொய்னா சொன்னாள்: "அம்மா எழுதினாங்கல்ல, பச்சையாத்தான் இருக்கும், யாருக்கும் தெரியாதுன்னு."

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. காப்பாற்றிவிடுவேன். கோபப்படாதே.

அனாதோல்


பாடோவா
30 மார்ச் 2003

அட மனுஷா!

செடியை வெளிச்சத்தில் வை என்று ஒரு வாத்தியாருக்கு எழுத வேண்டியிருக்கும் என்று நான் எங்கே கண்டேன்? படித்துவிட்டு சமையலறையில் தனியாக நின்று கண்ணீர் வரச் சிரித்தேன். திரையைத் திற. இன்றைக்கே திற. கம்பளம் வெளுத்தால் வெளுக்கட்டும். சாயம் போன கம்பளத்தை எந்த ஆய்வாளரும் குறை சொல்ல மாட்டார்.

இரண்டாவது முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை, அனாதோல். மூன்று வருடமாகத் திரை திறக்காத அறை. அடுக்கிய தலையணை. மாட்டிய கோட்டு. கோட்டை எதற்கு அங்கே மாட்டினாய்? நான் செத்துப் போனவளா?

கோபமில்லை. எனக்கு என்னவோ செய்கிறது, அவ்வளவுதான். ஈஸ்டருக்கு ஒரு பெட்டி அனுப்புகிறேன், டொய்னாவுக்குக் காலணியும் வரும். முப்பத்தெட்டு.

அக்லயா


வாலியா ரெசே
7 மே 2003

அக்லயாவுக்கு,

ஈஸ்டர் பெட்டி வந்தது. காலணி பொருந்துகிறது. நன்றி.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு கெனாடி கேட்டான்: "சின்னதுக்கு பாஸ்போர்ட் எடுத்தாச்சா அண்ணே? ஆகஸ்ட்ல அதுக்கு ஒரு சீட்டு வேணும்னு அக்கா சொல்லியிருக்காங்க."

"எந்தச் சின்னது?"

"நம்ம டொய்னாதான். அக்காவுக்குத்தான் மார்ச் ஆரம்பத்துலயே காகிதம் வந்திருச்சே. சொல்லலையா?"

சொல்லவில்லை. கைகழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவன் முகம் செத்துவிட்டது, பாவம், அவன் என்ன செய்வான்?

நீ நினைத்திருந்தால் ஈஸ்டருக்கே வந்திருக்கலாம். 'எழுதும்படியாக ஒன்றுமில்லை' என்று எழுதிய அன்று காகிதம் உன் கையில் இருந்திருக்கிறது. நான் இங்கே பிள்ளைகள் முன்னால் கோமாளியாக நின்று, உன் இடம் போய்விடுமே என்று நடுங்கிக்கொண்டிருக்கிறேன். நீ அங்கே என் மகளுக்குச் சீட்டுப் பிடிக்கிறாய்.

யாருக்காக இந்த இடத்தைக் காத்துக்கொண்டிருக்கிறேன்? ஒரு வரி எழுது. மழுப்பாதே.

அனாதோல்


பாடோவா
18 மே 2003

அனாதோல்,

நான் செய்தது தப்பு. மழுப்பவில்லை. காகிதம் பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி வந்தது. அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. பராஸ்கிவா அம்மாவுக்கு 'செப்டம்பரில் வருகிறேன்' என்று எழுத நாலு முறை தொடங்கினேன், நாலையும் கிழித்துவிட்டேன்.

பயம், வேறொன்றுமில்லை. நான் இங்கே மூன்று வருடமாக ஒரு கிழவியைக் குளிப்பாட்டுகிறேன், தூக்கிப் படுக்க வைக்கிறேன், கழிவைத் துடைக்கிறேன். அதில் வெட்கம் இல்லை. ஆனால் சுண்ணக்கட்டியைப் பிடித்து நாற்பது கண் முன்னால் நிற்க இனி வருமா என்று தெரியவில்லை. நீயோ ஒவ்வொரு கடிதத்திலும் எதுவும் மாறவில்லை, அப்படியே நுழைந்துகொள் என்கிறாய். எல்லாம் மாறிவிட்டதே! நான் போன அன்று இருந்தவளை நீ அந்த அறையில் கம்பளத்தோடு பாதுகாத்து வைத்திருக்கிறாய். நான் வந்து இறங்கினால் என்னைப் பார்ப்பாயா, அவளைத் தேடுவாயா?

டொய்னாவை இங்கே கூட்டிவந்துவிட்டால் நான் திரும்ப வேண்டியதே இல்லை என்று கணக்குப் போட்டேன். உன்னைக் கேட்காமல், அவளையும் கேட்காமல். அவள் வளர்ந்த மூன்று வருடத்தையும் காலணி அளவாகத்தான் எனக்குத் தெரியும். அந்த வெறியில் செய்தேன். திருட்டுத்தனம்தான். மன்னித்துக்கொள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

ஜூன் பதினைந்துக்கு என்னால் எழுதித் தர முடியவில்லை. முடியாது என்றும் எழுத முடியவில்லை. இப்போதைக்கு என்னிடம் இருக்கும் உண்மை இவ்வளவுதான்.

அக்லயா


வாலியா ரெசே
18 ஜூன் 2003

அன்புள்ள அக்லயாவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தேன். முதல் வாரம் உன்மேல் கொதித்தேன். பிறகு, நீ சொன்ன அந்த அறைக்குள் போய் நின்று பார்த்தேன். திரையை மார்ச்சிலேயே திறந்துவிட்டேன், ஆனால் மற்றதெல்லாம் அப்படியேதான் இருந்தது. தலையணை அடுக்கைக் கலைத்தேன். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. சத்தியம்! டொய்னா அலறிய அலறலில் வாசிலே ஓடிவந்துவிட்டான்.

இப்போது அங்கேதான் சாப்பிடுகிறோம். சனிக்கிழமைகளில் ஆறாம் வகுப்பு மொத்தமும் செடி பார்க்க வந்து சேற்றுக்காலோடு உன் கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகும். ஜன்னல் பக்கத்துக் கம்பளத்தில் ஒரு முழ அகலத்துக்குச் சிவப்பு வெளுத்துவிட்டது. இதை உன்னிடம் மறைக்கவில்லை.

மே 28 அன்று ஆய்வாளர் வந்தார். இந்த முறை ஆளுக்கொரு இலை கொடுத்துவிட்டேன். வெள்ளித் தாளில் அவரவர் விருப்பம்போல் உருவம் வெட்டி ஒட்டியிருந்தார்கள். மீன், பந்து, ஒருத்தி என் விசிலை வெட்டியிருந்தாள். அயோடினை ஊற்றியதும் கருநீலம் பரவியது, ஒவ்வோர் இலையிலும் வெட்டிய உருவம் மட்டும் வெளிறி நின்றது. அக்லயா, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நானும் கத்தினேன். இருபது வருடம் மைதானத்தில் எத்தனை கோப்பை ஜெயித்திருக்கிறேன், இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. ஆய்வாளர் பத்து போட்டார்.

டொய்னா ஒரு ஜன்னலை வெட்டியிருந்தாள். அந்த இலையைக் காய வைத்து இத்துடன் அனுப்புகிறேன்.

இனி நீ கோபப்படப் போகும் விஷயம். ஜூன் பதினைந்து ஞாயிறாகிவிட்டதால் பதினாறாம் தேதி பராஸ்கிவா அம்மா கூப்பிட்டார்.

"அக்லயாகிட்டேருந்து கடிதம் வந்துச்சா?"

"இல்லம்மா."

"அப்போ யார் பேரை எழுதறது? வெளியூர்லேருந்து ஒருத்தி கேட்டுக்கிட்டே இருக்கா."

"என் பேரை எழுதுங்க."

"வெளையாடறியா?"

"இல்லம்மா. அஞ்சல் வழியில படிக்கவும் சேர்ந்துட்டேன். எழுதுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது உன் இடம், பன்னிரண்டு வருட உழைப்பு, எனக்குத் தெரியும். திருடிவிட்டேன் என்றே வைத்துக்கொள். உனக்காகத்தான் காத்தேன், இடையில் எனக்கே பிடித்துப்போய்விட்டது. அதைவிட, அந்த இடம் காலியாக இருக்கும்வரை நீ வருவாயா என்று நான் கேட்கவே இல்லை, ஆசிரியை வருவாளா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது இங்கே உனக்கு வேலை இல்லை. நானும் டொய்னாவும் இருக்கிறோம், வெளுத்த கம்பளம் இருக்கிறது. வந்தால் இதற்காக வா. இது போதாது என்றால் நான் குறை சொல்ல மாட்டேன்.

பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்துவிட்டேன், அவளை நாளை கெனாடியோடு உன்னிடம் அனுப்புகிறேன், கோடை முழுவதற்கும். மடியில் ஒரு ஜெரேனியம் தொட்டி வரும். ஆகஸ்டில் திரும்புவதற்கும் ஒரு சீட்டுச் சொல்லி வைத்திருக்கிறேன். உட்காருவதும் உட்காராததும் அவள் இஷ்டம். அவளைக் கேள், நானும் கேட்டுவிட்டேன்.

என்றும் உன்
அனாதோல்


பாடோவா
10 ஆகஸ்ட் 2003

அன்புள்ள அனாதோல்,

ஏழு வாரமாக உனக்குப் பதில் போடவில்லை. நீ ஒவ்வொரு செவ்வாயும் கெனாடியின் வேனைப் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியதை அவன் சொன்னான்.

அன்று வண்டி நிற்கும் இடத்துக்குப் போய் நின்றேன். முதலில் தொட்டி இறங்கியது, பிறகு என் உயரத்துக்கு ஒரு பெண் இறங்கினாள். அவள்தான் முதலில் பேசினாள்: "அம்மா, அப்பா உன் வேலையைத் திருடிட்டாரு. ஆனா நல்லா நடத்துறாரு."

இரண்டு நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். தரையைத் தேய்த்துக்கொண்டே திட்டினேன். என் ஆய்வகம், என் வால்நட் மரம், என் ஜெரேனியம்! அந்த வியாழன் மதியம் பூங்காவில் மற்றப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழிந்த பிறகுதான் கவனித்தேன், எழுந்து நடக்கவே இல்லை. அந்தச் செப்டம்பர் பாரம் என் தலைமேலிருந்து இறங்கிவிட்டது.

இந்த வீட்டில் மூன்று வருடத்தில் ஜன்னலில் ஒரு செடிகூட நான் வைத்ததில்லை, அனாதோல். நாளைக்கே போகப் போகிறவளுக்குச் செடி எதற்கு என்று நினைத்தேன். பெட்டியைக்கூட முழுவதும் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். உன்னை ஏசினேனே தவிர, நான் செய்ததும் அதேதான். டொய்னா வந்த அன்றே தொட்டியை ஜன்னலில் வைத்தாள். இந்த வருட வெயில் ஊரையே பொசுக்குகிறது. ஆனாலும் அது பூத்திருக்கிறது, சிஞ்ஞோரா இர்மா காலையில் அதற்கு வணக்கம் சொல்கிறார்.

டொய்னாவைக் கேட்டேன். இங்கே பள்ளி, நல்ல மொழி, எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏழாம் வகுப்புல அப்பா செல் பிரிதல் நடத்தப் போறாரு. எப்படி ஓட விடுவாருன்னு பார்க்கணும்" என்றாள்.

சிஞ்ஞோராவின் மகளிடம் பேசிவிட்டேன். என் இடத்துக்கு என் சிநேகிதி ஒருத்தி வருகிறாள், அந்த அம்மாவோடு ஒரு வாரமாகப் பழகுகிறாள். கெனாடியிடம் ஆகஸ்ட் இருபத்துநாலாம் தேதிக்கு இன்னொரு சீட்டுச் சொல்லியாயிற்று. அங்கே வந்து என்ன செய்வேன் என்று தெரியாது. பன்னிரண்டு வருடம் தெரிந்தே எழுந்தேன், கொஞ்ச நாள் தெரியாமல் எழுந்து பார்க்கிறேன். நமக்குள் சண்டை வரும், நிச்சயம் வரும். நான் மாறியிருக்கிறேன். நீயும்தான் மாறியிருக்கிறாய், கள்ளா, எனக்குச் சொல்லாமலே வாத்தியாராகிவிட்டாய்.

அந்த வெள்ளைக் கோட்டை நீயே போட்டுக்கொள். தோளில் இறுக்கும், அக்குள் தையலைப் பிரித்துவிட்டால் சரியாக வரும்.

இருபத்தாறாம் தேதி மாலை வந்து இறங்குவோம். பசியோடு வருவோம், மக்காச்சோள மமலிகா கிண்டி வை, பாலாடைக்கட்டி நிறையப் போடு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஊர்ப் பழக்கம் என்று சொல்லி, வந்ததும் வராததுமாக என்னை விருந்தாளிபோல் பெரிய அறையில் உட்கார வைத்துவிடாதே. நேரே சமையலறைக்கு வருவேன், எனக்கும் ஒரு தட்டு எடுத்து வை.

உன்
அக்லயா